தொண்டைக்குள் டார்ச் அடித்தால் தெரிவது என்ன? டான்சிலும் அதன் அக்கம்பக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் என்னிடம் மக்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். மருந்துப் பெயர்கள் இதில் கிடையாது. அவை ஆளைப் பார்த்து எழுத வேண்டியவை. எது எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். காது வலிப்பது, வாய் திறக்காமல் போவது, கழுத்தில் நெறி கட்டுவது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தம் கசிவது எல்லாமே, டான்சிலின் அண்டை வீட்டுக்காரர்கள் யார் என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும்.

வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இதில் டான்சில் எது?

கண்ணாடி முன் நின்று, நாக்கைத் தளர்வாக விட்டு "ஆ" என்று சொல்லுங்கள். மேலே முன்பக்கம் கெட்டியாக இருப்பது வன்னண்ணம். அதற்குள் எலும்பு உண்டு. அதற்குப் பின்னால் மெத்தென்று இருந்து, "ஆ" சொல்லும்போது மேலேறுவது மென்னண்ணம். அதன் நடு விளிம்பிலிருந்து தொங்குவது உள்நாக்கு. மென்னண்ணத்திலிருந்து வலம் இடம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சதை மடிப்புகள் கீழே இறங்குகின்றன. முன்மடிப்பு நாக்கின் பக்கவாட்டில் போய்ச் சேரும். பின்மடிப்பு தொண்டைச் சுவரோடு கலந்துவிடும். மேலே சேர்ந்தே தொடங்கி, கீழே போகப் போக விலகும் இந்த இரண்டு மடிப்புகளுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதுதான் டான்சில். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

பெரியவர்களுக்கு அது மேலிருந்து கீழாக இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது அதன் உள்முகம் மட்டுமே. மீதி, பள்ளத்துக்குள் புதைந்திருக்கிறது. எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒருவருக்குச் சிறிய டான்சில் கூடத் துருத்திக்கொண்டு தெரிகிறது. இன்னொருவருக்கு நல்ல பெரிய டான்சில் மடிப்புக்குப் பின்னால் பதுங்கிவிடுகிறது.

நேரெதிரே தெரிவது தொண்டையின் பின்சுவர். அதில் சிறுசிறு சிவந்த மேடுகள் இருக்கலாம். அவையும் டான்சிலின் இனத்தைச் சேர்ந்த நிணநீர்த் திசுத் துளிகள்தான், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் நிறைந்த திசு. வலி இல்லாதபோது அவற்றை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடுவில் தொங்குவதுதானே டான்சில்? அதுதானே வளர்ந்துவிட்டது என்கிறார்கள்?

இல்லை. நடுவில் இருப்பது உள்நாக்கு, ஒன்றே ஒன்று, உள்ளே தசையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொண்டது. விழுங்கும்போது மென்னண்ணமும் உள்நாக்கும் மேலேறிப் பின்சுவரைத் தொட்டு மூக்கின் வழியை மூடுகின்றன. அந்த மூடல் சரியாக நடக்காவிட்டால் குடித்த தண்ணீர் மூக்கில் வரும். டான்சில் இரண்டு, அவை பக்கவாட்டில் இருப்பவை, நிணநீர்த் திசுவால் ஆனவை. இரண்டுக்கும் வேலை வேறு.

"உள்நாக்கு விழுந்துவிட்டது" என்று சொல்லி உச்சிமுடியைப் பிடித்து இழுப்பதும், விரலில் மிளகுத்தூளும் உப்பும் தொட்டு உள்ளே அழுத்துவதும் கிராமங்களில் இன்னும் நடக்கிறது. முடியை இழுத்தால் முடிதான் வலிக்கும். விரலை உள்ளே விடுவது அப்படிப்பட்டதல்ல. குழந்தை திமிறும், மென்னண்ணம் கிழியலாம், மிளகு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பாட்டியிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லித் தடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

ஒரு சிறு தகவல்: சில குழந்தைகளுக்கு உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. ஆனால் மேல் தோல் மூடியிருக்க, உள்ளே அண்ணத்தின் தசை பிளந்திருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்த் திசு) அறுவை சிகிச்சை செய்தால் பேச்சு மூக்கால் பேசுவதாக மாறிவிட வாய்ப்புண்டு. அதனால் உங்கள் கண்ணில் பட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

டான்சில் எதற்காக அந்த இடத்தில் இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் பெங்களூரு, சென்னை, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் வந்து கூடுவதைப் போல, தொண்டையில் காற்றின் வழியும் உணவின் வழியும் கூடிப் பிரிகின்றன. வெளியிலிருந்து வரும் எந்தக் கிருமியும் இந்தச் சந்திப்பைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. ஆகவே அங்கே நிணநீர்த் திசு வளையமாகக் காவல் இருக்கிறது. மூக்குக்குப் பின்னால் மேலே அடினாய்டு, அதன் இரு பக்கமும் காதுக்குப் போகும் குழாயின் வாசலில் சிறு திட்டுகள், பக்கவாட்டில் நாம் பார்க்கும் டான்சில்கள், கீழே நாக்கின் அடிப்பகுதியில் நாக்கு டான்சில். ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டயர் 1884இல் இதை விவரித்தார். அதனால் வால்டயர் வளையம் என்று பெயர். குரோமோசோம் என்ற சொல்லை 1888இல் உருவாக்கியவரும் இதே மனிதர்தான்.

உடம்பின் மற்ற நிணநீர் முடிச்சுகளுக்குக் கிருமி, நிணநீர்க் குழாய் வழியாக வந்து சேரும். டான்சிலுக்கு அப்படி உள்ளே வரும் குழாய் கிடையாது. அது தன் மேற்பரப்பில் படும் கிருமியை நேரடியாகவே பிடித்துப் பார்க்கிறது. அந்த மேற்பரப்பு குழி குழியாக இருப்பதன் காரணமும் அதுவே.

டான்சில் மேல் குழிகள் தெரிகின்றன. சில சமயம் அதிலிருந்து நாற்றமடிக்கும் வெள்ளைத் துணுக்கு வருகிறது. புற்றா, சீழா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. ஒவ்வொரு டான்சிலிலும் பத்து முதல் இருபது வரை குழிகள் உண்டு. மேலே சின்ன வாயாகத் தெரியும். உள்ளே கிளைவிட்டு டான்சிலின் ஆழம் வரை போகும். மேல்பகுதியில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. கருவில் டான்சில் உருவாகும் பையின் மிச்சம் அது. குழிகளின் சுவர் மெல்லியது. கிருமி அதன் வழியாக உள்ளே எடுக்கப்பட்டு, வெள்ளணுக்களுக்குக் காட்டப்படுகிறது. எதிர்ப்புப் புரதம் தயாராகும் வேலை அங்கே தொடங்குகிறது.

இதே குழிகளில் உதிர்ந்த தோல் செல்கள், சோற்றுத் துகள், பாக்டீரியா எல்லாம் தங்கி இறுகினால் வெள்ளை அல்லது மஞ்சள் துணுக்கு உருவாகும். சுண்ணச்சத்து படிந்தால் கல்லாகவே ஆகிவிடும். டான்சில் கல் என்கிறோம். வாய் நாற்றம் தருவதைத் தவிரப் பெரிய தீங்கு செய்யாது. உணவுக்குப் பின் உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் தொண்டை கொப்பளித்தால் பலருக்குக் குறையும். ஊக்கு, தீக்குச்சி, ஹேர்பின் கொண்டு நோண்ட வேண்டாம். டான்சிலில் ரத்த ஓட்டம் மிக அதிகம். ஏன் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயது. டான்சில் பெரிதாக இருக்கிறது. அது வீக்கமா?

பெரிதாக இருப்பதும் வீங்கியிருப்பதும் ஒன்றல்ல. குழந்தைப் பருவம், உடம்பு கிருமிகளை முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்ளும் காலம். டான்சிலுக்கு அப்போது வேலை அதிகம். அதனால் உருவமும் பெரிது. பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் உச்சத்துக்கு வந்து, பதின்பருவத்தில் சுருங்கத் தொடங்கிவிடும்.

நாங்கள் அளவை ஒன்று முதல் நான்கு வரை குறிப்போம். இரண்டு பக்கத்து முன்மடிப்புகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில் கால்பங்கு வரை டான்சில் அடைத்தால் ஒன்று. பாதி வரை இரண்டு. முக்கால் வரை மூன்று. அதற்கும் மேல் நான்கு. மூன்று, நான்கு என்று எழுதியிருந்தாலும் பையன் வாயை மூடித் தூங்குகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், அடிக்கடி காய்ச்சல் இல்லை என்றால் அந்த எண்ணைப் பார்த்து மட்டும் யாரும் கத்தி எடுக்கக் கூடாது. சீட்டில் எழுதிய எண்ணைவிட அவன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்பதே எனக்கு முக்கியம். மூச்சு சில நொடிகள் நின்று, திணறி, மறுபடி குறட்டை தொடங்குகிறதா என்று கவனியுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து எடுத்துவந்தால் இன்னும் நல்லது.

தொண்டையில்தான் புண். ஆனால் காது வலிக்கிறதே?

டான்சில் பகுதியின் உணர்வைப் பெரும்பாலும் எடுத்துச் செல்வது ஒன்பதாவது கபால நரம்பு. அதே நரம்பின் ஒரு சிறு கிளை நடுக்காதுக்கும் போகிறது. வலிச் செய்தி ஒரே நரம்பு வழியாக மூளைக்குப் போவதால், எந்த முனையிலிருந்து புறப்பட்டது என்று மூளை தடுமாறுகிறது. காதைச் சோதித்தால் சவ்வு பளபளவென்று ஆரோக்கியமாக இருக்கும். டான்சில் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தை மூன்றாம் நாள் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதும் இதனால்தான். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர், புகையிலை அல்லது வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர், காதில் ஒன்றுமே இல்லாமல் வாரக்கணக்கில் ஒரு காது வலிக்கிறது என்றால், வலி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று டான்சிலையும் நாக்கின் அடியையும் குரல்வளைப் பகுதியையும் பார்த்தே ஆக வேண்டும். காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் காலம்தான் வீணாகும்.

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது. அதுதான் டான்சிலா?

இல்லை. டான்சிலைக் கழுத்துக்கு வெளியிலிருந்து தொட முடியாது. நீங்கள் தொடுவது தாடை எலும்பின் மூலைக்குச் சற்றுக் கீழே, பின்னால் உள்ள நிணநீர் முடிச்சு. டான்சிலிலிருந்து வெளியேறும் நிணநீர் முதலில் அங்கேதான் வந்து வடிகிறது. தொண்டைப் புண் ஆறிய பிறகும் சில வாரங்கள் சிறிய உருண்டையாக அது தங்கலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது அதைக் கரைக்காது; குழந்தையின் தோல்தான் வெந்துபோகும். ஒரு மாதம் கடந்தும் பெரிதாகிக்கொண்டே போனால், அல்லது எடை குறைந்து மாலைக் காய்ச்சல் வந்தால், காசநோய் உள்ளிட்டவற்றுக்கான சோதனை தேவை.

கழுத்தின் முன்பக்கம் நடுவில், விழுங்கும்போது மேலேறி இறங்கும் கட்டி என்றால் அது தைராய்டு. அது வேறு கதை.

நான்கு நாள் தொண்டை வலிக்குப் பிறகு வாயே திறக்க முடியவில்லை. இது என்ன?

அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. காரணம் அமைப்பில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டான்சிலின் வெளிமுகத்தை, அதாவது கன்னத்துப் பக்கத்தை, ஒரு வலுவான உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கும் தொண்டைத் தசைக்கும் இடையில் தளர்வான திசு நிரம்பிய ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. டான்சில் அழற்சி உறையைத் தாண்டி அந்த இடைவெளியில் சீழாகத் தேங்கினால் டான்சிலைச் சுற்றிய சீழ்க்கட்டி உண்டாகிறது. சீழ் உள்ளே தள்ளுவதால் டான்சில் நடுவை நோக்கி நகரும். உள்நாக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். பக்கத்திலேயே தாடையை மூடும் தசை இருக்கிறது; அது எரிச்சலில் இறுகிக்கொள்வதால் வாய் திறக்காது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியும். பேச்சு, சூடான கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறும். சீழை ஊசியாலோ சிறு கீறலாலோ எடுத்தவுடன் கிடைக்கும் நிம்மதி அதிகம். அதோடு சிகிச்சையும் தொடர வேண்டும். சீழ் கழுத்தின் ஆழத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இதே தளர்வான இடைவெளிதான் அறுவை சிகிச்சை செய்பவருக்கு உதவியும் செய்கிறது. டான்சிலை உறையோடு முழுதாகப் பிரித்தெடுக்க அந்த அடுக்கில்தான் நுழைகிறோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியரான செல்சஸ், டான்சிலை விரலால் சுற்றிலும் நெம்பி எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம்! ஆனாலும் விரல் போன அடுக்கு சரியான அடுக்கு.

நாக்கின் பின்னால் வரிசையாக உருண்டைகள். எனக்குப் புற்றுநோயா?

கைப்பேசியில் வெளிச்சம் வந்த பிறகு இந்தப் பயம் பெருகிவிட்டது. நாக்கின் பின்பகுதியில் தலைகீழ் "வி" வடிவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரை பெரிய சுவை முகடுகள் எல்லோருக்கும் உண்டு. அவற்றுக்கும் பின்னால் மேடு பள்ளமாகத் தெரிவது நாக்கு டான்சில். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது உங்கள் பிறவிச் சொத்து. தினமும் விரலால் தடவிப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதுவும் டான்சில்தானா?

அதே வளையத்தின் மேல்முனை. அடினாய்டு. வாயைத் திறந்தால் தெரியாது, ஏனென்றால் மென்னண்ணத்துக்கு மேலே, மூக்கின் பின்வாசலில் இருக்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயிலோ மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய்க் கேமராவிலோ பார்க்கலாம்.

அதன் அக்கம்பக்கம்தான் சிக்கல். முன்னால் மூக்கின் வழி. அது அடைபட்டால் குழந்தை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும். இரு பக்கமும் நடுக்காதிலிருந்து வரும் குழாயின் வாசல். அது அடைபட்டால் காதுக்குள் நீர் கோத்துக் காது மந்தமாகும். "கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான், டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான், வகுப்பில் கவனமில்லை என்று டீச்சர் சொல்கிறார்" என்று கொண்டுவரும் பிள்ளைகளில் சிலருக்குக் குறை கவனத்தில் இல்லை, காதில் கோத்த நீரில் இருக்கிறது. அடித்துப் படிக்கவைக்கும் முன் காதைச் சோதியுங்கள்.

ஒகேனக்கல் போய் மீன் சாப்பிட்டோம். முள் சிக்கிக்கொண்டது. எங்கே சிக்கியிருக்கும்?

ஒகேனக்கல்லுக்கும் கே.ஆர்.பி. அணைக்கும் விடுமுறை நாளில் கூட்டம் போவதற்கும் எங்கள் பிரிவில் இந்தக் கேள்வி வருவதற்கும் தொடர்பு உண்டு. மெல்லிய முள் பெரும்பாலும் சிக்குவது டான்சிலிலும் நாக்கின் அடியிலும். முன்பு சொன்ன குழிகள்தான் காரணம். விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்தில், ஒரே புள்ளியில் குத்துகிறது, விரலால் "இங்கேதான்" என்று தாடைக்கோணத்தைக் காட்ட முடிகிறது என்றால் முள் மேலே, எட்டும் இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தின் அடியில், நடு நெஞ்சுக்கு மேல் குத்துகிறது என்றால் உணவுக்குழாயின் வாசலை யோசிக்க வேண்டும்.

சோற்று உருண்டையையும் வாழைப்பழத்தையும் அடுத்தடுத்து விழுங்கி முள்ளைத் தள்ளப் பார்க்காதீர்கள். மேலோட்டமாகக் குத்தியிருந்த முள் சதைக்குள் முழுதாக இறங்கிவிடும். பிறகு தேடுவது கடினம். எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரிவதில்லை. வாய் வழியே விளக்கும் இடுக்கியும் கொண்டு பல முட்களை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். முள் போன பின்னும் கீறல் ஒருநாள் உறுத்தும். இரண்டாம் நாளும் அதே குத்தல் என்றால் மறுபடி காட்டுங்கள். நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்து வீக்கம் சேர்ந்தால் இரவானாலும் கிளம்புங்கள்.

மாம்பழம், புளி, ஐஸ், ஓசூர்க் குளிர், புளோரைடு தண்ணீர்: இதில் எதனால் டான்சில் வருகிறது?

எதனாலும் இல்லை. தொண்டை அழற்சிக்குப் பெரும்பாலும் வைரஸ் காரணம். ஒரு பகுதிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இருமல், தும்மல், பகிர்ந்துகொண்ட டம்ளர் வழியாக வருகிறது. மாம்பழப் பருவத்தில் மாம்பழத்துக்கும் மார்கழியில் ஓசூர், தளிப் பக்கத்துக் குளிருக்கும் பழி போகிறது. குளிர்காலத்தில் எல்லோரும் கதவடைத்து ஒரே அறையில் கூடியிருப்பதால் தொற்று எளிதில் பரவுகிறது என்பது வேறு. புண்ணாக இருக்கும் தொண்டையில் புளியும் காரமும் எரியும். எரிவதும் நோயை உண்டாக்குவதும் ஒன்றல்ல.

புளோரைடு நம் மாவட்டங்களின் உண்மையான துயரம்தான். நிலத்தடி நீரில் அது மிகுந்த ஊர்களில் பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு மூட்டு இறுக்கமும் தலைமுறையாக இருந்தன. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் புளோரைடு தாக்குவது பல்லையும் எலும்பையும். டான்சில் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

தொண்டை வலி இதயத்தைப் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் எல்லாத் தொண்டை வலியும் அல்ல. நான் மேலே சொன்ன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி, சரியாகச் சிகிச்சை பெறாதபோது, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாக வரலாம். 5 முதல் 15 வயதுக்குள் அதிகம். கிருமி இதயத்துக்குப் போவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பு, உருவ ஒற்றுமையால் மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிறது. மூட்டு வலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும், அது ஆறிவிடும். வால்வுத் தழும்பு ஆறாது. எனவே மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டது என்று மிச்ச மாத்திரையை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள். எழுதாவிட்டால் நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

டான்சில் மேல் வெள்ளைப் படலம் இருந்தால்?

புள்ளி புள்ளியாக, டான்சிலுக்குள்ளேயே நின்றால் சாதாரண அழற்சியாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் தடித்து, மடிப்புகளையும் உள்நாக்கையும் தாண்டிப் பரவி, துடைத்தால் ரத்தம் கசியும் படலம் என்றால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயை நினைக்க வேண்டும். மூச்சை அடைக்கும், அதன் நச்சு இதயத்தைத் தாக்கும். தடுப்பூசி இருக்கிறது: 6, 10, 14 வாரங்களில், பின் ஒன்றரை வயதையொட்டி, பிறகு 5 முதல் 6 வயதில், அதன் பின் 10, 16 வயதுகளில். குழந்தைப் பருவத்து ஊசிகளைப் போட்டுவிட்டு 10, 16 வயது ஊசிகளை மறந்துவிடும் வீடுகள் நிறைய. அரசு மையங்களில் இலவசம்.

எப்போது டான்சிலை எடுக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள் பெரியவை. ஒன்று, மூச்சு: தூக்கத்தில் அடைப்பு. மற்றொன்று, திரும்பத் திரும்ப வரும் கடுமையான அழற்சி. ஓர் ஆண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. காய்ச்சலோ, நெறி கட்டுவதோ, சீழ்ப்புள்ளியோ சேர்ந்து வந்தவற்றை மட்டுமே இதில் எண்ண வேண்டும். ஒருநாள் கரகரப்பெல்லாம் சேராது. தேதி குறித்த ஒரு பழைய நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால், அறுவையைத் தவிர்க்கவும் அதுவே உதவும். "அடிக்கடி வருகிறது" என்று வருகிறவர்களில் பலருக்கு, எண்ணிப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் தேறுவதில்லை.

அறுவை சிகிச்சையில் ரத்தத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?

இவ்வளவு சிறிய உறுப்புக்கு ஐந்து தமனிக் கிளைகள் ரத்தம் கொண்டுவருகின்றன. முகத் தமனியின் டான்சில் கிளை அவற்றில் தலையானது. அது தொண்டைத் தசையைத் துளைத்துக்கொண்டு கீழ்முனை வழியாக நுழைகிறது. உறையின் வெளிப்பக்கம் ஒரு சிரை மேலிருந்து கீழாக இறங்குகிறது; அறுவையின்போது அதிலிருந்து கசிவதும் உண்டு. மூளைக்குப் போகும் உட்கழுத்துத் தமனி டான்சிலுக்கு வெளியே, பின்புறமாக ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுகிறது. அடுக்கு தவறக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பது அதனால்.

ரத்தக் கசிவு இரண்டு காலங்களில் வரலாம். ஒன்று, முதல் 24 மணி நேரம். அப்போது மருத்துவமனையில் இருப்பீர்கள். இன்னொன்று, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பள்ளத்தில் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும்போது. வீட்டில் இருக்கும் காலம் அது. ஆகவே வத்தல்மலை, சித்தேரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: அந்தப் பத்து நாளும் இரவில் வண்டி கிடைக்கும் உறவினர் வீட்டில் தங்குங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ விரைவாக வந்து சேரும் தூரம் என்றால் சரி. புது ரத்தம் துப்பினாலோ, குழந்தை தூக்கத்தில் திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ 108ஐ அழையுங்கள். தூங்கும் குழந்தை ரத்தத்தைத் துப்பாது, விழுங்கும்.

அந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்துச் சீழ் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அது புண் ஆறும்போது மூடும் இயல்பான படலம். சுரண்டாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

ஆறிய ராகிக் கஞ்சி, குழைத்த தயிர்ச்சோறு, இட்லி, ஐஸ்கிரீம். சூடான களி, முறுக்கு, வறுத்த நிலக்கடலை சில நாட்களுக்கு வேண்டாம். விழுங்க வலிக்கிறது என்று பட்டினி போட்டால் வலி கூடுகிறது, ஏனென்றால் அசையாத தசை இறுகிவிடும். வலி மருந்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு அரை மணி கழித்து ஊட்டுங்கள். தண்ணீர் குறையக் கூடாது.

எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடாதா?

வளையத்தின் இரண்டு துண்டுகள் போகின்றன. மீதி வளையமும், கழுத்திலும் குடலிலும் உடம்பெங்கும் உள்ள நிணநீர்த் திசுவும் இருக்கின்றன. நடைமுறையில் பெரிய இழப்பு தெரிவதில்லை. அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கலாம் என்றும் பொருளல்ல. வேலை செய்யும் உறுப்பை எடுக்கக் காரணம் வேண்டும்.

பெரியவருக்கு ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருக்கிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. சில சமயம் ஒரு பள்ளம் ஆழமில்லாததால் ஒரு பக்கம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பெரியவர்களுக்கு ஒருபக்க வளர்ச்சி, ஆறாத புண், எச்சிலில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கெட்டியான முடிச்சு இவற்றில் எது இருந்தாலும் சதைப் பரிசோதனை தேவைப்படலாம். புகையிலையும் மதுவும் முதன்மைக் காரணங்கள், எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸாலும் டான்சில் புற்று வருகிறது, அதனால் எந்தப் பழக்கமும் இல்லாதவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடுத்த டான்சில் மறுபடி வளருமா?

உறையோடு முழுதாக எடுத்தால் வளராது. கீழ்முனையில் துணுக்கு தங்கிவிட்டால் அது பெரிதாகலாம். உறையை விட்டுவைத்து உள்சதையை மட்டும் குறைக்கும் முறையிலும் சிலருக்கு மறுபடி வளர்வது உண்டு. வலியும் கசிவும் குறைவு என்பதால் மூச்சடைப்புக்காக மட்டும் செய்யும் சிறு குழந்தைகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடினாய்டுக்குத் தெளிவான உறை இல்லை, சுரண்டித்தான் எடுக்கிறோம். ஆகவே மிகச் சிறு வயதில் எடுத்த பிள்ளைக்கு மீண்டும் வளர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மறுபடி குறட்டை தொடங்கினால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு வாருங்கள். எந்த முறையில் எடுத்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கும்.